நிறுத்தலாம் என்று ஒரு வரி

ஜனவரி 8, திங்கக்கிழமை

சகலை, நல்லா இருக்கியா? மச்சினி நல்லா இருக்கா? கடையில கூட்டம் எப்படி? கால்ல அந்த ஆணி இன்னும் குத்துதா, எடுத்துட்டியா? மொதல்ல இதுக்கெல்லாம் பதில் எழுது. மத்தத அப்புறம் பேசுவோம்.

போன வாரம் நான் பேசிக்கிட்டிருக்கும்போதே போன வச்சுட்ட. "கடையில ஆளு நிக்கிறாங்க அண்ணே"ன்னு ஒரு சாக்கு. நான் அப்பத்தான் விஷயத்துக்கே வந்திருந்தேன். முக்கால் மணி நேரம்தான ஆகியிருந்துச்சு? அதனாலதான் கடுதாசி. கடுதாசிய நடுவுல வைக்க முடியாது பாரு.

நான் பள்ளிக்கூடம் பாக்காதவன்னு உனக்குத் தெரியும். லாண்டிரி பாய்லர் ரூம்புல மாட்டியிருக்கிற போர்டப் பாத்துப் பாத்துப் படிச்ச எழுத்து இது. நான் மொதமொதல்ல கத்துக்கிட்ட வார்த்தையே 'அபாயம்'. பொண்ணு பாக்கப் போனப்ப நம்ம மாமனார், "மாப்பிள்ளைக்கு எழுதத் தெரியுமா?"ன்னு கேட்டு ஒரு காகிதத்த நீட்டினாரு. பேரு எழுத வரல. 'அபாயம்'னு எழுதிக் குடுத்தேன். அப்படியும் பொண்ணு குடுத்தாரு பாரு, அவர் மனுசன். அவர் வீட்டு வாசல்ல ஒரு நாய் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? அது கதை வேற. இன்னொரு நாள் சொல்றேன்.

விஷயத்துக்கு வர்றேன். மூணு மாசத்துக்கு முன்னால லாண்டிரியில எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. எனக்குக் கொலஸ்ட்ரால்னுட்டாங்க. கெட்ட கொழுப்பு நூத்தித் தொண்ணூறாம். எனக்கு வலி உண்டா? இல்ல. மயக்கம் உண்டா? இல்ல. ஒரு கொப்புளம்கூட இல்ல. ஒண்ணுமே இல்லாத வியாதிக்கு டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் குடுத்துச்சு. ஸ்டாட்டினாம். நானும் ஒழுங்காத்தான் முழுங்கினேன். திங்கக்கிழமையானா ரெண்டு தொடையும் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. படி ஏற முடியல. முடி வெட்டறவர்கிட்ட சொன்னேன். "அந்த மாத்திரை அப்படித்தான், எங்க மச்சான் ஆறு மாசம் குச்சி ஊனி நடந்தாரு"ன்னாரு. அவ்வளவுதான், நிறுத்திட்டேன்.

நிறுத்தினது உன் அண்ணிக்குத் தெரிஞ்சுபோச்சு. அட்டையில மாத்திரை அப்படியே இருக்கறதப் பாத்துட்டா. "என் தங்கச்சி வீட்டுக்காரர் இருபத்தஞ்சு வருசமா மருந்துக்கடையில நிக்கிறாரு. நிறுத்தலாம்னு அவர் கையால ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்ககூட நான் பேசப் போறதில்ல"ன்னுட்டா. பதினோரு நாளாச்சு சகலை. தட்ட வைக்கிறா, எடுக்கிறா, அவ்வளவுதான். நான் ஒரு கதைய ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடறா. சுவத்துகிட்ட எவ்வளவு நேரம் பேசறது? சுவரு 'அப்புறம்?'னு கேக்க மாட்டேங்குது.

ஒரே ஒரு வரி எழுது. 'அண்ணன் மாத்திரைய நிறுத்தலாம்.' நாலு வார்த்தைகூட இல்ல. உனக்குப் புண்ணியமாப் போகும்.

---

ஜனவரி 15

அண்ணனுக்கு வணக்கம்.

நலம். இங்கும் எல்லாரும் நலம். ஆணியை எடுத்துவிட்டேன். நீங்கள் கேட்ட வரியை எழுத மாட்டேன்.

போனை வைத்ததற்கு மன்னிக்கவும். அன்று உண்மையிலேயே ஆறு பேர் நின்றார்கள். அதில் ஒருவர், "யாருங்க அது, ரேடியோவா?" என்று கேட்டார்.

கடிதத்தில் நீங்கள் ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். வலி இல்லை, மயக்கம் இல்லை, அதனால் வியாதி இல்லை என்கிறீர்கள். கொலஸ்ட்ரால் கடைசி வரை ஒரு சத்தமும் போடாது. ரத்தக்குழாயின் உள்சுவரில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். ஒரு நாள் அந்தப் படிவு உடையும், அதன்மேல் ரத்தம் உறையும். அந்த இடம் இதயத்தில் இருந்தால் மாரடைப்பு, மூளையில் இருந்தால் பக்கவாதம். முதல் அறிகுறியே அதுவாக இருந்துவிடுவது உண்டு.

இந்த மாத்திரை படிந்ததைச் சுரண்டி எடுக்கும் மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. கொழுப்பில் பெரும்பங்கை நம் கல்லீரலே செய்கிறது. செய்யும் அந்தக் கையை மாத்திரை கட்டிப்போடுகிறது. தன்னிடம் குறைகிறதே என்று கல்லீரல் ரத்தத்தில் சுற்றும் கெட்ட கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இருக்கும் படிவும் எளிதில் உடையாமல் இறுகிக்கொள்கிறது. நிறுத்தினால் கல்லீரல் பழையபடி ஆரம்பித்துவிடும். அதனால்தான் பெரும்பாலும் இது தொடர்ந்து சாப்பிட வேண்டிய மருந்து.

தொடை வலியை நான் பொய் என்று சொல்லவில்லை. சிலருக்கு வரும். வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைப்பார், வேறு மாத்திரை மாற்றுவார். முடி வெட்டுகிறவரிடம் சொல்வதில் பயனில்லை. அவர் மச்சான் குச்சி ஊன்றியதற்கு வேறு காரணம் இருக்கலாம்.

மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். ஒன்று, என்ன அளவு மாத்திரை? இரண்டு, எப்போது சாப்பிடுகிறீர்கள்? மூன்று, வலி ஏன் திங்கட்கிழமை மட்டும்?

மேல் தட்டிலிருந்து பெட்டிகளை இறக்கிவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

---

ஜனவரி 22

சகலை, ஒரு வரி கேட்டா ஒரு மூட்டை அனுப்பியிருக்க. படிச்சு முடிக்க ரெண்டு ஷிப்ட் ஆச்சு. உன் அண்ணி வாங்கிப் பாத்தா. பாத்துட்டு என்னைய ஒரு பார்வை பாத்தா பாரு, அப்ப பாய்லர்ல கரி போட வேண்டிய அவசியமே இல்ல.

கேள்வி கேட்டிருக்க, சொல்றேன். அளவு பத்து. அட்டையில போட்டிருக்கு. எப்ப சாப்பிடறேன்னு கேட்டியே, அதச் சொல்லணும்னா எங்க பழைய மேஸ்திரியப் பத்திச் சொல்லணும். அவரு பாய்லர பொண்டாட்டி மாதிரி பாத்துக்குவாரு. சொந்தப் பொண்டாட்டிய பாய்லர் மாதிரிகூடப் பாத்துக்கல, அது வேற. அவரு எங்களுக்குச் சொல்லிக் குடுத்த முதல் பாடம்: தண்ணியில இருக்கிற உப்பு குழாய்க்குள்ள படியும். படிஞ்சா சூடு ஏறாது, ஒரு நாள் குழாய் வெடிக்கும். அதுக்கு மருந்து ஊத்தணும். எப்ப ஊத்தணும்? பாய்லர் ஓடறப்ப ஊத்தக் கூடாது. ஞாயித்துக்கிழமை லாண்டிரி லீவு, பாய்லர் ஆறிக் கெடக்கும். வாரத்துக்கு உண்டான மருந்த அன்னைக்கு மொத்தமா ஊத்தி, ஊறவச்சு, தொறந்து விட்டுடணும். முப்பது வருசமா அப்படித்தான். ஒரு குழாய் வெடிச்சதில்ல.

டாக்டரம்மா என்கிட்ட என்ன சொல்லுச்சு? "பெரியவரே, உங்க ரத்தக் குழாய்ல கொழுப்பு படியுது"ன்னுச்சு. குழாயப் பத்தி எனக்கா சொல்லித் தரணும்? அட்டையில வாரத்துக்கு ஏழு. ஞாயித்துக்கிழமை எனக்கும் லீவு, ஒடம்பு ஆறியிருக்கும். காலையில வெறும் வயித்துல ஏழையும் முழுங்கி, ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சு, சாயங்காலம் வரைக்கும் படுத்து ஊறிடுவேன். நிறுத்தற வரைக்கும் ஒரு ஞாயிறுகூட விட்டதில்ல சகலை, ஒழுங்குன்னா ஒழுங்கு.

இதுல பாரு, போன மாசம் திரும்ப ரத்தம் பாத்தப்ப நூத்தி எழுபத்தி மூணுக்குத்தான் எறங்கியிருந்துச்சு. "இன்னும் நல்லா எறங்கணுமே, ஒழுங்கா சாப்பிடறீங்களா?"ன்னுச்சு டாக்டரம்மா. "ஒரு மாத்திரை பாக்கி இல்லம்மா"ன்னேன். உண்மைதான? "அப்ப அடுத்த தடவ ரெட்டிப்பு பண்ணிடலாம்"ன்னுச்சு. ஞாயித்துக்கிழமைக்குப் பதினாலு! வயித்துல வேற என்னத்துக்கு எடம் இருக்கும்? இப்ப நீயே சொல்லு, நிறுத்தறதத் தவிர வேற வழி உண்டா?

---

ஜனவரி 25

அண்ணா,

ஏழையுமா?

ஒரே நாளிலா?

கடிதத்தைக் கடையிலேயே படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி தண்ணீர் கொடுத்தார்.

தினம் ஒன்று, அண்ணா. தினம் ஒன்றே ஒன்று. இனிமேல் நீங்களாக எதையும் முழுங்க வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அண்ணியைக் கூட்டிக்கொண்டு அந்த டாக்டரிடம் போய், ஞாயிற்றுக்கிழமைக் கதையை அப்படியே சொல்லுங்கள். நாய்க் கதை வேண்டாம், மேஸ்திரி கதை வேண்டாம், ஏழு மாத்திரைக் கதை மட்டும். சிறுநீர் கறுத்துப் போனதா என்று கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

உங்கள் கல்லீரலுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அது நீங்கள் தூங்கும்போதும் வேலை செய்கிறது. அதன் கையை ஒரு நாள் மட்டும் இறுக்கிக் கட்டிவிட்டு ஆறு நாள் அவிழ்த்துவிட்டால் எண் எப்படி இறங்கும்? தொடை எப்படி வலிக்காமல் இருக்கும்?

உடனே பதில் எழுதுங்கள். சுருக்கமாக.

---

பிப்ரவரி 2

சகலை, சுருக்கமா எழுதறேன், பயப்படாத. உயிரோட இருக்கேன்.

டாக்டரம்மா ரூம்புக்குப் போனோம். உன் அண்ணிதான் பேசினா. பதினோரு நாள்னு ஆரம்பிச்சது ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு அவ பேசி. எல்லாத்தையும் சேத்து வச்சு டாக்டரம்மாகிட்ட கொட்டினா.

"ஞாயித்துக்கிழமை ஏழும்மா! ஏழு! நான் சமையக்கட்டுல இருப்பேன், தலைவலி மாத்திரை போடறார்னு நெனச்சேன்!"

டாக்டரம்மா பேனாவ கீழ வச்சுருச்சு. "ஏன் பெரியவரே?"

"பாய்லருக்கு அப்படித்தாம்மா."

"நீங்க பாய்லரா?"

"முப்பது வருசமா அதுகூடத்தான இருக்கேன்."

டாக்டரம்மா சிரிப்ப அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. தோளு குலுங்கறது எனக்குத் தெரிஞ்சுது. அப்புறம் திரும்பி, மூஞ்சிய கடுமையா வச்சுக்கிட்டு, சதைக்கு ஒண்ணு ஈரலுக்கு ஒண்ணுன்னு ரத்தம் எடுக்கச் சொல்லுச்சு. ரெண்டும் கெடல. "உங்க அதிர்ஷ்டம்"ன்னுச்சு. இன்னும் ரெண்டு வாரம் பொறுத்து, வலி சுத்தமா இல்லன்னு பாத்துட்டு, அதே பத்து, தினம் ஒண்ணே ஒண்ணு, ஒரே நேரத்துல. திரும்ப வலிச்சா நிறுத்தறதுக்கு முன்னால வந்து சொல்லணும். பொரிச்சதக் கொறைக்கணும், நடக்கணும். மாத்திரை இருக்குன்னு கண்டதையும் திங்கக் கூடாது. அதையும் சொல்லிருச்சு, நான் கேக்கறதுக்கு முன்னாலயே. மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்கும்.

வெளிய வந்ததும் உன் அண்ணி, "நான் பொழைச்சுக் கெடந்தது தெய்வச் செயல்"ன்னா. மாத்திரை முழுங்கினது நான், பொழைச்சது அவளாம். ஆனா பேசிட்டா. பஸ் நிறுத்தத்துல ஒரு பாட்டம், பஸ்ஸுல ஒரு பாட்டம். கேக்கவே சொகமா இருந்துச்சு.

ஒண்ணு கேக்கறேன். இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியே, உன் நம்பர் எவ்வளவு?

---

பிப்ரவரி 9

அண்ணனுக்கு வணக்கம்.

கடிதம் கண்டு நிம்மதி. அண்ணி பேசியதில் அதைவிட நிம்மதி. மாத்திரையை ஒரு வேலையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பல் விளக்கியதும் ஒன்று என்று வைத்தால் மறக்காது. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சாப்பிட வேண்டாம். இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் எழுதப்படுவது உங்களுக்கு: மறுநாள் இரண்டு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றுதான்.

என் எண்ணைக் கேட்டிருந்தீர்கள். கடையில் கூட்டம் சேர்கிறது, பிறகு எழுதுகிறேன்.

---

பிப்ரவரி 16

சகலை, உன் கடையில கூட்டம் நான் கேள்வி கேக்கறப்ப மட்டும் எப்படிச் சேருது?

உன் அண்ணி தங்கச்சிகிட்ட போன் போட்டுக் கேட்டுட்டா. அக்காளும் தங்கச்சியும் பேச ஆரம்பிச்சா நான் சின்னப் பய, என் முக்கால் மணி நேரமெல்லாம் அவங்களுக்கு முன்னுரை. மச்சினி சொல்லுதாம், "அத்தான்கிட்ட சொல்லுக்கா. இருபத்தஞ்சு வருசமா ஊருக்கே மாத்திரை எடுத்துக் குடுக்கறாரு, தன் ரத்தத்த ஒரு தடவகூடப் பாத்ததில்ல. 'தேவையில்ல, நான் சாப்பாட்டுல கவனமாத்தான் இருக்கேன்'ங்கறாரு. மாடி ஏறினா நடுப்படியில நின்னு பூட்டப் பாக்கற மாதிரி நடிக்கிறாரு. நடுப்படியில ஏதுக்கா பூட்டு?"

பெட்டி எறக்கினதுக்கு மூச்சு வாங்குதுன்னு நீயே எழுதியிருந்த. அப்ப எனக்கு உறைக்கல. நான் படிப்பில்லாதவன், குழாயுன்னு நெனச்சு ஏழ முழுங்கினேன், அது முட்டாள்தனம். எல்லாம் தெரிஞ்சவன் ஒண்ணுகூடப் பாக்காம இருக்கானே, அதுக்கு என்ன பேரு?

முடிவாச் சொல்றேன். நீ ரத்தம் குடுத்து நம்பர எழுதி அனுப்பற வரைக்கும் நானும் மாத்திரை முழுங்க மாட்டேன். டாக்டரம்மா சொன்ன ரெண்டு வாரம் இன்னையோட முடியுது. அட்டை மேசை மேல இருக்கு. உன் கையிலதான் இருக்கு.

---

பிப்ரவரி 21

அண்ணா,

இது மிரட்டல். உங்கள் உயிரை வைத்து என்னை மிரட்டுவது நியாயமா? எழுதிக் கிழித்த இரண்டு தாள்களில் இதைவிடக் கடுமையாக எழுதியிருந்தேன்.

சரி. உங்களிடம் சொல்லிவிடுகிறேன். உங்கள் மச்சினியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

என் அப்பா ஐம்பத்திரண்டாவது வயதில் போனார். பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், புகை இல்லை, குடி இல்லை. பக்கத்தில் நின்றவரிடம் மணி கேட்டாராம், அவர் பதில் சொல்வதற்குள் விழுந்துவிட்டார். அவருடைய அண்ணனும் ஏறக்குறைய அந்த வயதில்தான். இது ரத்தத்தில் வருவது, அண்ணா. கடையில் யாராவது தன் அப்பா நடு வயதிலேயே போனதாகச் சொன்னால், "இன்றைக்கே பாருங்கள்" என்று துரத்துவேன். எத்தனை பேரைத் துரத்தியிருக்கிறேன்!

ஏப்ரலில் எனக்கு ஐம்பத்திரண்டு. பரிசோதனைக்கூடம் எங்கள் கடைக்கு அடுத்த கதவு. தினமும் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போகிறேன். அந்த எண்ணைப் பார்த்துவிட்டால் தேதியையே பார்த்ததுபோல் ஆகிவிடும் என்று பயம். பார்க்காத வரை இல்லை என்று ஒரு நினைப்பு. படித்தவன் எழுதுகிற விஷயம் அல்ல இது, தெரியும்.

மாத்திரையை மட்டும் சாப்பிடுங்கள், அண்ணா. தயவுசெய்து.

---

பிப்ரவரி 26

சகலை, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் மாத்திரை முழுங்காம இருக்கேன்னு எழுதினது அரை நாள்தான் உண்மை. தபால்ல போட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். உன் அண்ணி ஒரு கையில மாத்திரை, ஒரு கையில சொம்போட வாசல்லயே நிக்கிறா. "தம்பிய மிரட்டறதுன்னா மிரட்டுங்க, வாயத் தொறங்க"ன்னா. தொறந்தேன். தொடையும் வலிக்கல.

உன் கடுதாசிய நான் அவகிட்டக் காட்டல. சட்டைப் பையில வச்சிருக்கேன். மூணு தடவ படிச்சேன். உனக்குச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் சொல்றேன். உங்கப்பா காலத்துல அவருக்கு ரத்தம் யாராச்சும் பாத்தாங்களா? இல்ல. இந்த மாத்திரைய யாராச்சும் கையில குடுத்தாங்களா? இல்ல. தண்ணி மட்டத்தக் காட்டற அளவுக் கண்ணாடி இல்லாத பாய்லர ஓட்டினாரு அந்த மனுசன், உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாமலே. அது அவர் குத்தமில்ல. உனக்கு அடுத்த கதவுல கண்ணாடி இருக்கு, நீ நிக்கிற கடைத் தட்டுல மருந்து இருக்கு. அவர் போன வயசு அவரோடது. அது எப்படி உனக்குத் தேதியாகும்?

கண்ணாடியப் பாக்கப் பயந்து எந்தப் பாய்லர்காரனும் முதுகத் திருப்பிக்கிட்டு நிக்க மாட்டான். நின்னா நாங்க அவன வேலைய விட்டு அனுப்பிடுவோம். உன்னைய அனுப்ப முடியாது. நீ என் சகலை.

டீ குடிக்கப் போறப்ப கதவு மாறிப் போயிடு.

---

மார்ச் 8

அண்ணனுக்கு வணக்கம்.

கதவு மாறிப் போனேன். ரத்தம் எடுத்த பெண், "சார், நீங்க அனுப்பற ஆளு எங்க?" என்று கேட்டாள். "இவன்தான்" என்றேன்.

கெட்ட கொழுப்பு இருநூற்றுப் பன்னிரண்டு. உங்களுடையதைவிட அதிகம். ஜெயித்துவிட்டேன்.

அன்றே டாக்டரைப் பார்த்தேன். மூச்சு வாங்குவதைச் சொன்னேன். இதயத்துக்கு ஒரு படம், ஓடவிட்டு ஒரு சோதனை. ஒரு குழாய் லேசாகச் சுருங்கியிருக்கிறது. இப்போதைக்கு மருந்து போதும், இன்னும் ஒரு வருடம் தள்ளியிருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும் என்றார். மாத்திரை எழுதினார். உங்களுடையதைவிட நான்கு மடங்கு அளவு. என் அளவைப் பார்த்து நீங்கள் உங்களுடையதைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

எங்கள் கடையில், என் தட்டிலிருந்து, நானே எடுத்தேன். எல்லாரிடமும் சொல்வதை எனக்கே சொன்னேன்: "தினம் ஒன்று, ஒரே நேரம், நீங்களாக நிறுத்தக் கூடாது." முதலாளி எட்டிப் பார்த்து, "யாருகிட்ட பேசறீங்க?" என்றார்.

வீட்டில் அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு நடுப்படிப் பூட்டைப் பற்றிக் கேட்டுச் சிரித்தாள். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம். அந்த நாளை நினைத்தால்தான் இன்னும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

---

மார்ச் 15

சகலை, நல்லா இருக்கியா? நல்லாத்தான் இருப்ப. இனிமே இத நான் சும்மா ஒப்புக்குக் கேக்கறதா நெனைக்காத.

இருநூத்திப் பன்னெண்டா! போன மாசம் வரைக்கும் நம்ம குடும்பத்துல பெரிய நம்பர் என்னோடதுதான்னு லாண்டிரி பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன், அதையும் புடுங்கிக்கிட்ட. போகட்டும். படிச்சவன் கொஞ்சம் மேலதான் இருக்கணும். கடுதாசிய படிச்சுட்டு உன் அண்ணிகிட்ட நீட்டினேன். படிச்சா, மூக்க உறிஞ்சினா, "தம்பி பொழைச்சுக்கிட்டாரு"ன்னா. அப்புறம் என்னையும் ஒரு பார்வை பாத்தா, நான்தான் ஏதோ மருந்து கண்டுபிடிச்ச மாதிரி. கல்யாணம் ஆனதுல இருந்து அந்தப் பார்வையப் பாத்ததில்ல சகலை. என்ன செய்யறதுன்னு தெரியாம தட்ட நானே கழுவி வச்சேன்.

முடி வெட்டறவர்கிட்டயும் போய் நல்லா விளக்கிச் சொன்னேன். கல்லீரல் கையக் கட்டறது, குழாய்ல படிஞ்சது இறுகறது எல்லாம். அவரு கத்திரிய நிறுத்திட்டுக் கேட்டாரு. கேட்டுட்டு, "அப்ப எங்க மச்சானுக்கு முட்டி தேய்மானமா இருக்குமோ?"ன்னாரு. பாரு, ஆறு மாசம் குச்சி ஊனினது எதுக்குன்னு இப்பத்தான் யோசிக்கிறாரு.

மூணு மாசம் கழிச்சு ரத்தம் எடுக்கறத நெனச்சா பயமா இருக்குன்னு எழுதியிருக்க. நான் கெளம்பி வர்றேன். எனக்கும் அப்பத்தான் எடுக்கணும், டாக்டரம்மாகிட்ட சீட்டு வாங்கிட்டு உங்க அடுத்த கதவுலயே குடுத்துடறேன். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உக்காருவோம். ஊசி போடறப்ப நீ அந்தப் பக்கம் பாக்க வேணாம், நான் நம்ம மாமனார் வீட்டு நாய்க் கதையச் சொல்றேன், முடியறதுக்குள்ள ரிசல்ட்டே வந்துடும். பயப்படறதுல ஒரு வெக்கமும் இல்ல. அன்னைக்கு டாக்டரம்மா ரூம்புல எனக்கு ரத்தம் எடுக்கறப்ப நான் கண்ண இறுக்க மூடிக்கிட்டு, "சகலை!"ன்னு கத்தினேன்னு உன் அண்ணி தெரு பூரா சொல்லிக்கிட்டு இருக்கா. மச்சினி காதுக்கும் வந்திருக்கும், நம்பாத. சுத்தப் பொய். நான் உன்னைய எதுக்குக் கூப்பிடறேன்? நான் கத்தினது உண்மையில என்னன்னா

இரு, இப்ப இருக்கிற மேஸ்திரி கூப்பிடறாரு. "யோவ், தண்ணி மட்டம் எறங்குதுய்யா, அங்க என்னத்த எழுதிக்கிட்டிருக்க?"ங்கறாரு. ஓடிப் பாத்துட்டு வந்து மிச்சத்த